மண்பாதைக்குத் திரும்பிய புல்லட்

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோல்மோர் கோப்பை என்ற மோட்டார் சைக்கிள் போட்டி நடந்தது. அதில் வேகத்துக்கு மதிப்பில்லை. சேறு, ஓடை, கல்மேடு எல்லாவற்றிலும் கால் ஊன்றாமல் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு தன் புதிய 350 சிசி புல்லட்டை வெளியே காட்டியது அந்தச் சேற்றில்தான். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1952இல் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை ஜானி பிரிட்டன் வென்றதும் புல்லட்டில்தான். பல வண்டிகளின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகிக் கிடந்த காலத்தில், புல்லட்டின் பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில் ஷாக் அப்சார்பரோடு மேலும் கீழும் ஆடியது. கல்லில் மோதினாலும் தரையை விடாமல் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊர் பனமலையில் என் பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டு, கல்பாதைக்கு ஏற்றபடி மறுபடி கட்டிய காலத்தில் இந்தச் செய்தி எனக்குப் பெரிய தெம்பு. “எதுக்குடா நல்ல வண்டிய நாசம் பண்ற?” என்று கேட்ட பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: “பெரியப்பா, இது பொறந்ததே சேத்துலதான்.”

என் தொழில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் கோயிலுக்காக அறிவார்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைமேல் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலும், அங்குள்ள உமையின் சுவரோவியமும் வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெற்றவை. மலையடியில் ஏரி, ஏரிக்கு அப்பால் கரும்பும் நெல்லும் மணிலாக்கொட்டையும். இங்கே மோட்டார் எரிந்துபோனதென்று அழைப்பு வந்தால் தார்ச்சாலை பாதி தூரம்தான். மிச்சம் வரப்பு, ஓடைக்கால், உருண்டைப் பாறை. கருவிப் பெட்டியையும் சில நேரம் மோட்டாரையுமே பின்னால் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆகவே அட்வென்ச்சர் பைக் என்று கடையில் விற்பது எனக்கு அன்றாடத் தேவை. கடை விலைதான் எட்டாது.

புல்லட் நம் பக்கம் வந்த கதை மதராஸில் தொடங்குகிறது. 1949 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து புல்லட்டை இறக்குமதி செய்து விற்றது. 1952இல் இந்திய ராணுவம் ஆர்டர் கொடுத்தது. வண்டிகள் 1953இல் வந்து சேர்ந்தன. எல்லைப்புறத்து மலைப்பாதையில் அவை உழைத்த விதம் பிடித்துப்போக, 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. மறு ஆண்டே திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்தவற்றை இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் வெளியே வந்தவை 163 வண்டிகள். படிப்படியாக எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாயின. 1970 வாக்கில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுவிட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977 முதல் மதராஸ் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது.

அந்த நீண்ட காலத்தில் வடிவமைப்பு அதிகம் மாறவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ற அடிப்படை அரை நூற்றாண்டைக் கடந்து நின்றது. நிறுவனம் புதுமை செய்யவில்லை என்று குறைசொன்னவர்கள் உண்டு. பட்டறைக்காரன் கண்ணில் அது வரம். ஒரு வண்டியின் கியர் பெட்டி, இருபது வருடம் கழித்து வந்த வண்டியில் உட்காரும். என்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனி என்பதால், கியரில் கோளாறு என்றால் என்ஜினைத் தொட வேண்டாம். ஏழை கையில் ஒரு இயந்திரம் நிலைக்க இந்த இரண்டும் போதும்.

பழைய வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றிக் கட்டும் ஒரு பெரிய தொழிலே இந்த நாட்டில் இப்படித்தான் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஹார்லி டேவிட்சன்களை டெல்லிக்காரர்கள் பட்பட்டி என்ற ஷேர் ரிக்‌ஷாவாக்கி, 1990களின் பிற்பகுதி வரை சாந்தினி சௌக்குக்கு ஓட்டினார்கள். சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியை வைத்துச் சக்டா என்னும் மூன்று சக்கர வண்டி செய்தார்கள். சென்னையில் பழைய பைக் என்ஜின்கள் மீன்பாடி வண்டிக்குப் போயின. வடக்கே சிறு பட்டறைகள் புல்லட்டில் டீசல் என்ஜினை ஏற்றின; 1993இல் என்ஃபீல்டு நிறுவனமே 325 சிசி, 6.5 குதிரைத்திறன் கொண்ட டீசல் புல்லட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

எங்கள் மாவட்டத்துக்குப் புல்லட்டுகள் இரண்டு வழியில் வந்தன. புதிதாக வாங்கியவர்கள் ரைஸ்மில் முதலாளிகள், மணிலா மண்டிக்காரர்கள், நிலக்கிழார்கள். மற்றவர்களுக்கு ஏலம். காவல்துறையும் அரசுத் துறைகளும் இனி உதவாது, கண்டம் என்று கழித்த வண்டிகளை ஏலம் விடும்போது மெக்கானிக்குகள் எடுப்பார்கள். மூன்று வண்டியை உடைத்து இரண்டைத் தேற்றுவார்கள். இல்லாத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை. அங்கே கிராங்க் தனியாக, ஹெட் தனியாக, மட்கார்டு தனியாகத் தொங்கும். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால், கடைக்காரப் பாய் பார்த்த மாத்திரத்தில் எந்தக் காலத்து வண்டி என்று சொல்லிவிடுவார்.

என் வண்டியும் அப்படி ஒரு கண்டம் வண்டிதான். அதைக் கட்டியபோது பணத்தை எங்கே செலவழிப்பது, எங்கே பிடிப்பது என்ற கணக்கை எனக்கு வண்டி வேலை சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் ஒரே பேச்சில் முடித்தார்: “தம்பி, ஓடுறதுக்கும் நிக்கிறதுக்கும் புதுசு வாங்கு. மினுக்குறதுக்குப் பைசா செலவு பண்ணாதே.” அந்தப்படியே சிலிண்டரை போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங்ஸ். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருந்த பழைய புஷ்ஷுக்குப் பதில் ரோலர் பேரிங். 6 அங்குல முன்பிரேக்கைக் கழற்றிவிட்டு, பின்னால் வந்த மாடல்களின் 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ பிரேக். புது செயின், புது ஸ்போக்ஸ், கட்டைப் பட்டன் வைத்த டயர். 6 வோல்ட் ஒயரிங்கை 12 வோல்ட்டாக்கும் வேலை மட்டும் இலவசம். காயில் கட்டுகிறவனுக்கு அது கைவந்த வேலை.

மற்றதெல்லாம் காயலான் கடையும் லேத் பட்டறையும் தந்தவை. கனமான இரும்பு மட்கார்டுகள் இறங்கின; இலேசான பழைய மட்கார்டை உயர்த்திப் பூட்டினோம். சைலன்சரை வளைத்து மேலே தூக்கினோம், ஓடைத் தண்ணீர் புகாமல் இருக்க. புல்லட்டின் சட்டம் அடியில் திறந்தது. முன்குழாய் என்ஜினோடு முடிந்துவிடும். என்ஜினே சட்டத்தின் ஒரு பகுதியாகப் பாரம் தாங்கும். பாறையில் இடித்தால் அடி நேராக கிராங்க் கேஸில் விழும். அதனால் மூன்று மில்லிமீட்டர் தகட்டை வளைத்து, முன்குழாயில் கிளாம்பு போட்டு அடித்தடுப்பு கட்டினோம். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்தோம். நீள ஸ்ட்ரோக் என்ஜின் மெதுவாகச் சுழன்றே இழுக்கும். பல் குறைந்ததும் ஏரிக்கரை ஏற்றத்தில் கிளட்ச்சைத் தொட வேண்டிய வேலையே இல்லை. கருவிப் பெட்டிக்கான ஸ்டாண்டு, பழைய தண்ணீர்க் குழாயை வெல்டிங் வைத்துச் செய்தது.

ஒரு எல்லையை மட்டும் தாண்டவில்லை. சேசிஸை அறுக்கக் கூடாது என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடிப்படை விவரங்களை மாற்றும்படி வண்டியைத் திருத்த அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சேசிஸ் எண், என்ஜின் எண், 346 சிசி மூன்றும் புத்தகத்தில் இருந்தபடியே இருக்கின்றன. பாண்டிச்சேரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று என்.ஓ.சி. இல்லாத பி.ஒய். பதிவு வண்டியைத் தூக்கிவரும் பிள்ளைகளுக்கும் நான் இதையே சொல்கிறேன்: காகிதம் சரியில்லாத வண்டியில் போட்ட ஒவ்வொரு ரூபாயும் வீண்.

2016இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ஹிமாலயன் என்ற 411 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. 21 அங்குல முன்சக்கரம், அடித்தடுப்பு, உயர்ந்த சைலன்சர், பாரம் கட்டும் சட்டம். நல்ல வண்டி, செஞ்சிக்கோட்டை பார்க்க வருகிறவர்கள் பலர் அதில்தான் வருகிறார்கள். அதில் இருக்கிற ஒவ்வொன்றையும் பெயர் தெரியாத பட்டறைக்காரர்கள் அதற்குப் பல காலம் முன்பே தேவைக்காகச் செய்து பார்த்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் வளைத்த செஞ்சிக்கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சிவாஜி 1677இல் கைப்பற்றியதும், 1698இல் முகலாயரிடம் அது வீழ்ந்ததும், பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்ததும் எழுதப்பட்ட வரலாறு. அதே கோட்டையடியில் அறுபது ஆண்டாக நடந்துவரும் பட்டறைத் தொழிலுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. எந்த புஷ் எந்த அளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், எந்த மாடல் ஹப் எந்த ஃபோர்க்கில் உட்காரும் என்பதெல்லாம் சில பெரியவர்களின் விரல்நுனியில் மட்டுமே இருக்கிறது. பாகங்கள் இன்னும் வார்க்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பழைய புல்லட்டுகளுக்கும் இங்கிருந்தே போகின்றன. ஆனால் அளவு தெரிந்த கை போனால் அந்தப் பாகம் வெறும் இரும்பு. அதனால் அண்ணன் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஐ.டி.ஐ.களில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஊர் மெக்கானிக்கிடம் உட்கார்ந்து இதைச் செய்தால், பத்து ஊர் நோட்டுகள் சேர்ந்தாலே இந்தத் தொழிலுக்கு முதல் வரலாற்றுப் புத்தகம் கிடைத்துவிடும்.