மீனும் ஒரு காதல் பாட்டும்

ஊர்காவற்றுறைக்குக் கைற்ஸ் என்றும் பெயர். இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆடுதலைக் குறிக்கும் 'பைலா'வும் அவர்கள் சொல்தான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். சொல்லும் தாளமும் இந்நாட்டில் தங்கிவிட்டன.

அந்தப் பைலாத் தாளத்தில் அமைந்ததுதான் 'சுராங்கனி'. காதலிக்கு மீன் கொண்டுவருகிறவனின் பாட்டு. சிங்களப் பல்லவியோடு தமிழ் வரிகளைச் சேர்த்துப் பாடினார் ஏ. ஈ. மனோகரன். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாட, தமிழகமும் அதைத் தன் பாட்டாக்கிக்கொண்டது.

நயினாதீவில் என் சிறுபராயத்தில் றேடியோவில் அது வந்தால் வாப்பா சிரிப்பார். "பாஷை விளங்காட்டியும் மீன் விளங்குதுதானே" என்பார். பின்னர் யாழ்ப்பாணம் சோனகதெருவுக்குக் குடிவந்தோம். 1990 ஒக்ரோபர் 30இல் அங்கிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது றேடியோவையும் விட்டுவிட்டு வந்தோம். புத்தளத்தில், அகதி முகாமில், ஒருநாள் பக்கத்துக் கொட்டிலில் அதே பாட்டு ஒலித்தது. வாப்பா சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போனார்.

மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். இரண்டு மொழிகள் ஒரே பாட்டில் சண்டையின்றி இருக்கலாம் என்பதை அவர் குரலில்தான் நான் முதன்முதலில் கேட்டேன்.