ஒதுக்கிய அலைகளும் உதவிக்கு வந்த குரல்களும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்வோர்க்குச் செய்தியின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அஞ்சலட்டைக்கும் தந்திக்கும், இரவெல்லாம் விழித்திருந்து பெறும் டிரங்க் காலுக்கும் காத்திருந்தே பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம் பெற்றோர். தந்தியும் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு விடைபெற்றுவிட்டது. இன்று கைப்பேசியைத் தொட்டால் கும்பகோணத்தில் இருக்கும் அன்னையின் முகமே தெரிகிறது. ஆயினும் கம்பிகளும் கோபுரங்களும் ஒருங்கே சாய்ந்துவிட்ட நாளில் செய்தி எவ்வழியே வரும்? இவ்வினாவை நாம் ஏட்டில் படித்து அறிந்தோமில்லை. அண்டை வீட்டில் கண்டு அறிந்தோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாம் அரசுப் பணியில் சேர்ந்து தில்லியில் குடியிருந்த புதிது. அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் மூத்த மகன் போர்ட் பிளேரில் வேலையில் இருந்தான். ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கிய செய்தி வந்ததும், அவ்வீட்டு அம்மையார் தொலைபேசியின் அருகில் அமர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் அவ்வீட்டில் உலை ஏறவில்லை. அக்கம்பக்கத்தார்தாம் உணவு கொண்டுபோய்க் கொடுத்தனர். நான்காம் நாள் காலையில் மணி ஒலித்தது. பேசியவர் முன்பின் அறியாதவர். “உங்கள் மகன் நலமாக இருக்கிறான், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்” என்று இந்தியில் கூறினார். தாங்கள் யார் என்று கேட்டதற்கு, ‘வி.யு.2’ என்று தொடங்கும் ஒரு குறியீட்டைச் சொன்னார். இதற்குக் கட்டணம் எவ்வளவு என்று அம்மையார் வெள்ளந்தியாய்க் கேட்க, அவர் சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாராம்.

யார் அவர்? அவருக்கு இக்கடமையை விதித்தவர் யார்? இதைத் தேடிச் சென்றபோது நமக்குக் கிட்டியதே ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியரின் வரலாறு.

வேண்டாமென்று விடப்பட்ட அலைகள்

1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மன்றத்தில் ஜகதீச சந்திர போஸ், கம்பியின் துணையின்றித் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். 1901 டிசம்பரில் மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. அதன்பின் உலகெங்கும் இளைஞர் பலர் தத்தம் வீட்டு அறைகளில் கம்பிச் சுருளும் மின்கலமும் கொண்டு இக்கலையைப் பயிலத் தொடங்கினர். ஊதியம் கருதாது, விருப்பம் ஒன்றே பற்றிச் செய்தமையால் அவர்கள் அமெச்சூர்கள் எனப்பட்டனர்.

டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றியது. 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் உடைய அலைகளே அமெச்சூர்களுக்கு என்று அது வரையறுத்தது. நெடுந்தொலைவு செல்ல நீண்ட அலைகளே ஏற்றவை, சிற்றலைகள் பயனற்றவை என்பது அந்நாளைய கருத்து. பந்தி முடிந்தபின் எஞ்சியதை வாசலில் நிற்பவர்க்கு இடுவது போன்ற கொடை அது.

ஆனால் நடந்தது வேறு. 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அமைத்துக் கருவியோடு காத்திருந்த பால் காட்லி என்னும் அமெரிக்கர், தம் நாட்டு அமெச்சூர்களின் சிற்றலைச் சமிக்ஞைகளைக் கடலுக்கு இப்பாலிருந்தே கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலாய் என்பவரும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல் என்பவரும் 110 மீட்டர் அலையளவில் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறினர். பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று உண்டு. சிற்றலைகள் அதில் மோதி வளைந்து மீண்டும் மண்ணுக்கு இறங்குகின்றன. ஆகவேதான் அவை கடலையும் மலையையும் தாண்டிச் செல்கின்றன. வேண்டாமென்று விடப்பட்ட அலைகளே உலகை இணைக்கும் அலைகளாயின. பின்னர் வல்லரசுகளும் பெருங்குழுமங்களும் அவற்றை நாடி ஓடி வந்தன என்பது தனிக்கதை.

பாரதத்தில் தொடக்கம்

காசியில் அறிஞர் உரையாற்ற அதனைக் காஞ்சியில் இருந்தவாறே கேட்கும் கருவியைக் கனவு கண்டவர் நம் பாரதியார். அவர் 1921 செப்டம்பரில் மறைந்தார். அதே 1921ஆம் ஆண்டில்தான் இந்நாட்டில் அமரேந்திர சந்திர குப்து ‘2 ஜே.கே.’ என்னும் குறியீட்டோடும், முகுல் போஸ் ‘2 எச்.க்யூ.’ என்னும் குறியீட்டோடும் அமெச்சூர் வானொலியராக அலைவெளியில் அடியெடுத்து வைத்தனர். கனவு கண்டவர் கண் மூடிய ஆண்டிலேயே கருவி கண் திறந்தது.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் பெருமைக்குரிய ஓரிடம் உண்டு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பையும் நடத்தியது. ஆர்வலர் கூடி அமைத்த அக்கழகத்தின் முதற்கருவியின் வலிமை 40 வாட். ஒரு சாதாரண மின்விளக்கின் அளவே எனலாம். பொருள்முடையால் 1927 அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. எனினும் அதன் கருவி வீணாகவில்லை. சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்று, 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி வானொலியாகத் தொடர்ந்து ஒலித்தது. அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்று சென்னைக்கு வருமுன்னரே, சென்னை மக்களின் செவிக்கு இசையைக் கொண்டு சேர்த்தது ஆர்வலரின் உழைப்பே.

பறித்த கையும் மறைத்த கையும்

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அமெச்சூர்கள் அனைவரும் தத்தம் ஒலிபரப்புக் கருவிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆங்கில அரசு ஆணையிட்டது. ஆண்டுக்கணக்கில் தாமே இழைத்து இழைத்துச் செய்த கருவியைத் தாமே சுமந்து சென்று கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அரசின் அச்சத்தைப் பொருளற்றது என்று நாம் ஒதுக்குவதற்கில்லை. கம்பி உள்ள செய்தியை நடுவில் நிறுத்தலாம். கம்பியில்லாச் செய்தியை நிறுத்த இயலாது. அஃது உண்மை என்பதை 1942 மெய்ப்பித்தது. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத் தலைவர்கள் சிறைப்பட்டு, நாளேடுகளின் வாயும் கட்டப்பட்டபோது, 22 வயது நங்கை உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினர். கருவியை அமைக்கக் கைகொடுத்தவர் நரிமன் பிரிண்டர் என்னும் அமெச்சூர். ராம் மனோகர் லோகியா முதலியோர் அதில் உரையாற்றினர். வேட்டையாடும் காவலர்க்கு அஞ்சி இடம் மாற்றி இடம் மாற்றி 42.34 மீட்டர் அலையில் ஒலித்த அக்குரல், நவம்பர் 12ஆம் நாள் காவலர் கதவை உடைத்துப் புகுந்தபோது அடங்கியது. ஏறத்தாழ மூன்று திங்களே ஒலித்த வானொலிக்காக உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

விடுதலைக்குப்பின் 1948 மே 15 அன்று மத்தியப் பிரதேசத்து மௌ நகரில், படைத்துறைச் செய்தித் தொடர்புப் பள்ளியில், இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் பிறந்தது. பின்னர் அது தில்லிக்கு வந்து இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்னும் பெயர் பெற்றது. போரில் கழிக்கப்பட்ட வால்வுக் கருவிகளைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, பிரித்து, மாற்றிக் கட்டி அக்காலத்தவர் பேசினர். 1978இல் அமெச்சூர் சேவைக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. பறித்த அரசு போய்த் தேர்வு வைத்து நம்பும் அரசு வந்தது. உரிமம் என்பது வெறும் தாளன்று, ‘எல்லைகளையும் கடலையும் கடக்கும் குரலை உன்னிடம் ஒப்படைக்கிறோம், தவறாக ஆளாதே’ என்று நாடு குடிமகன்மேல் வைக்கும் நம்பிக்கை அது.

நாம் நிலையம் அமைத்த கதை

அண்டை வீட்டு மணியோசை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. நாற்பதைக் கடந்தபின் நாமும் தேர்வுக்குப் படிக்கலானோம். மின்னியல் பாடம் கலைப் பட்டதாரிக்குக் கடினமே. ஆனால் மோர்சு நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. புள்ளி குறில், கோடு அளபெடை. குறிலுக்கு ஒரு மாத்திரை, அளபெடைக்கு மூன்று மாத்திரை என்று நம் இலக்கணம் கூறும். மோர்சிலும் கோடு புள்ளியைப் போல் மும்மடங்கு நீளமே. அலுவலகம் செல்லும் வண்டியில் விரலால் தாளமிட்டே அதனைப் பயின்றோம். தேர்வில் தேறியபின் உரிமத்துக்குக் காத்திருந்தோம். கோப்பு எந்த விரைவில் நகரும் என்பதை அறியாதவரா நாம்?

உரிமம் வந்ததும் 100 வாட் கருவி ஒன்றும், அதற்கு 13.8 வோல்ட் மின்னோட்டம் தரும் பெட்டி ஒன்றும் வாங்கினோம். சென்னைக் கழகத்தின் முதற்கருவியை விட இரு மடங்குக்கு மேல் வலியது நம் மேசைமேல் இருப்பது என்று எண்ணியபோது பெருமிதத்தை விட நாணமே மிகுந்தது. அவர்கள் நாற்பது வாட்டில் நகரையே கேட்கச் செய்தார்களே!

இனி ஏரியல். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, பக்கத்துக்குப் பத்து மீட்டராக, இருபது மீட்டர் செப்புக் கம்பி வேண்டும். மாடியில் இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் கம்பியின் நடுவைக் கட்டி, இரு முனைகளையும் கூரை முகடுபோல் சரித்து இறக்கினோம். மீட்டரை வைத்துப் பார்த்தால், அனுப்பும் ஆற்றலில் கால்பங்கு திரும்பி வருகிறது! கம்பியின் ஒரு முனை தண்ணீர்க் குழாய்களை உரசுவதுபோல் சென்றதே காரணம். திசையை மாற்றி, முனைகளை விரற்கடை விரற்கடையாக நறுக்கிச் சரிசெய்ய இரண்டு ஞாயிறுகள் ஆயின. புதிதாய்த் தொடங்குவோர்க்கு நாம் கூறுவது இது: கம்பியை நீளமாகவே வெட்டுக, குறைப்பது எளிது, வளர்ப்பது அரிது. நிலத்தொடர்பையும் இடிதாங்கியையும் நாளைக்கென ஒத்திப்போடற்க. பேசுமுன் ஒரு திங்களேனும் கேட்டுப் பழகுக.

ஒருநாள் நாம் பேசப் பேசக் கீழ்வீட்டுத் தொலைக்காட்சி கரகரத்தது. தொடர்நாடகத்தின் முக்கியமான கட்டம் போலும். கீழ்வீட்டார் சினத்தோடு மாடியேறி வந்தனர். மின்வடங்களில் ஃபெரைட் வளையங்களைப் பூட்டியதும் கரகரப்பு நின்றது. கேசரி கொடுத்ததும் சினம் நின்றது.

கேட்டுப் பழகிய திங்கள் முடிந்து ஒரு விடியற்காலையில் பொது அழைப்பு விடுத்தோம். விடையில்லை. ஐந்தாம் முறை அழைத்தபோது இரைச்சலின் நடுவே ஒரு குரல் எழுந்து நம் குறியீட்டைத் திருப்பிச் சொல்லிற்று. தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து ஒரு பெரியவர்! ஊரைக் கேட்டார், பெயரைக் கேட்டார், உடனே தமிழுக்கு மாறினார். “இங்கே நல்ல மழை தம்பி” என்றார். கம்பியுமின்றிக் கோபுரமுமின்றி இருபது மீட்டர்ச் செப்பின் வழியே ஊர் மழை தில்லிக்கு வந்தது. அப்போதுதான் ஒன்று நினைவில் உறைத்தது. உஷா மேத்தாவின் வானொலி ஒலித்த 42.34 மீட்டர் அலையும் நாம் பேசிய அலையும் ஏறக்குறைய ஒன்றே. அன்று அவ்வலையில் பேசியதற்குச் சிறை; இன்று அதே அலையில் பேச உரிமம்.

அழைத்தபோது வந்தவர்கள்

1999 அக்டோபரில் ஒரிசாவைப் புயல் சூறையாடியபோதும், 2001 ஜனவரி 26 அன்று புஜ் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோதும் அமெச்சூர்கள் தம் செலவில் தம் கருவியோடு சென்று செய்தித் தொடர்பை ஏற்படுத்தினர். 2004இல் நிகழ்ந்ததோ விந்தையினும் விந்தை. 1987க்குப் பின் அமெச்சூர் குரலே எழாதிருந்த அந்தமானில் நிலையம் அமைக்க இசைவு பெற்று, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அவ்வாண்டு டிசம்பரில் போர்ட் பிளேர் சென்றிருந்தது. உலக அமெச்சூர்களோடு மகிழ்ந்து உரையாடச் சென்ற குழு அது. 26ஆம் நாள் காலை நிலம் அதிர்ந்தது. அதன்பின் அக்கருவிகள் விளையாட்டை விடுத்துத் தொண்டை மேற்கொண்டன. காணாமற்போனோர் விவரமும் நலச்செய்தியும் இரவுபகலாகத் தாய்நிலத்துக்குச் சென்றன. கார் நிக்கோபார்த் தீவிலும் ஒரு நிலையம் அமைந்தது. தாய்நிலத்தில் அவற்றைக் கேட்டு, குறித்து, உரியவர் வீட்டுக்குத் தெரிவித்த எத்தனையோ அமெச்சூர்களுள் ஒருவரே அன்று அடுத்த வீட்டுக்குப் பேசியவர்.

எண்ணிப் பார்ப்போம். அவ்விசைவு சில திங்கள் தாமதமாகக் கிடைத்திருப்பின்? அரசின் நம்பிக்கைக்கும் ஒரு தாயின் நான்காம் நாள் உணவுக்கும் இருந்த தொடர்பு அப்போது விளங்கும்.

இக்கலை அருகி வருகிறது. கைப்பேசி இருக்க இஃது எதற்கு என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். கோபுரம் சாயாத வரையில் அக்கேள்வி சரியே. நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் வேண்டா. குடியிருப்புக்கு ஒருவரேனும் இத்தேர்வை எழுதினால் போதும். ஊரை விட்டு வந்தோர்க்கு இதனினும் நல்ல காப்பு வேறென்ன உண்டு?

அடுத்த வீட்டு அம்மையார் இப்போது முதுமையில் தளர்ந்துவிட்டார். நம் நிலையத்தைக் காண ஒருநாள் மெல்லப் படியேறி வந்தார். கருவியை நெடுநேரம் பார்த்தார். “இதுமாதிரி ஒண்ணுலதான் அவன் சேதி வந்துதா?” என்றார். ஆம் என்றோம். பின்னர் அவர் கேட்டது ஒன்றே: “இதை எப்போவும் போட்டே வெச்சிருப்பியாப்பா?”