புலி குடித்த தேத்தண்ணி

சோஃபியும் அம்மாவும் அடுப்படியில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு மணி அடிக்கிறது. திறந்து பார்த்தால் ஒரு பெரிய புலி. உள்ளே கூப்பிட்டு இருத்துகிறார்கள். மேசையில் இருந்த பணிஸ், பிஸ்கட், கேக் எல்லாம் போகுது. தேத்தண்ணி முழுவதும் போகுது. கடைசியில் பைப்பில் வாற தண்ணியும் முடியுது. பிறகு புலி நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

ஜூடித் கெர் எழுதி வரைந்த இந்தப் படப்புத்தகம் 1968இல் வந்தது. இங்கிலாந்தில் பிள்ளைகள் இன்னும் வாசிக்கிறார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ‘டீ’ என்றால் வெறும் தேநீர் இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடும் பின்னேரச் சாப்பாடும் அதுதான். அதனால்தான் ஆங்கிலச் சிறுவர் புத்தகங்களில் தேநீர் மேசை வந்தாலே ‘வீடு இருக்கு, அம்மா இருக்கிறா, பயமில்லை’ என்று அர்த்தம். புலி வந்தாலும் பயமில்லை.

ஆனால் அந்த மேசை எப்போதும் இலங்கைத் தேயிலையோடு இருந்ததில்லை. லூயிஸ் கரோலின் ஆலிஸ் 1865இல் வந்தபோது லண்டனில் குடித்தது பெரும்பாலும் சீனத் தேயிலை, கொஞ்சம் அசாம் தேயிலை. நாங்கள் அப்போது கோப்பி நாடு. அந்தக் கதையில் தொப்பிக்காரனின் விருந்து ஞாபகம் இருக்கும்தானே? நேரம் ஆறு மணியில் நின்றுவிட்டது. எப்போதும் தேநீர் வேளை என்பதால் கோப்பை கழுவ நேரமே இல்லை. அழுக்குக் கோப்பையை விட்டுவிட்டு அடுத்த கதிரைக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கழுவுகிற கை இல்லாவிட்டால் தேநீர் விருந்து என்ன ஆகும் என்று காட்டிய ஒரு கதையையாவது கரோல் எழுதினாரே என்று எனக்குச் சந்தோஷம்.

ஆலிஸ் வந்து இரண்டு வருசத்தில், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் வந்தது. அடுத்த இருபது வருசத்துக்குள் மலைநாடு தேயிலைக்கு மாறியது. இந்த மாற்றத்தை நாங்கள் பாடப்புத்தகத்தில் பயிர் மாறிய கதையாகத்தான் படிச்சோம். உண்மையில் மாறியது குடும்பம். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும்தான் நிறைய ஆள் வேணும். தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து, வேலை முடிய ஊருக்குத் திரும்பலாம். தேயிலைக் கொழுந்து வருசம் முழுக்கத் துளிர்க்கும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் வேணும், அவர்கள் அங்கேயே தங்கவும் வேணும். லயங்கள் நிரம்பியது அப்படித்தான். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைய, பிள்ளைக்கு அதைவிடவும் குறைய என்று மூன்று தரம் இருந்தது. பிள்ளைக்கும் ஒரு கூலி விகிதம் எழுதி வைக்கும் அளவுக்கு, பிள்ளைகள் வேலை செய்தார்கள்.

இதே காலத்தில்தான் பியட்ரிக்ஸ் பொட்டர் பூனைக்குட்டிகளை வரைந்துகொண்டிருந்தார். 1907இல் வந்த டொம் கிட்டன் கதையில், தேநீருக்கு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று தாய்ப்பூனை குட்டிகளைக் குளிப்பாட்டி நல்ல உடுப்புப் போட்டுவிடுகிறது. உடுப்பு தொலைகிறது, குட்டிகளுக்கு அடி விழுகிறது. தேநீர் என்றால் மரியாதை என்று அந்தப் பிள்ளைகள் படிச்சார்கள். நாங்களும் முன்பள்ளியில் ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையை மூக்காக நீட்டி, அமெரிக்காவில் 1939இல் எழுதின டீபொட் பாட்டைத்தான் ஆடினோம். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறிய அம்மாவைப் பற்றி முன்பள்ளியில் ஒரு படப்புத்தகமும் நான் பார்க்கவில்லை.

இனி 1968க்குத் திரும்புவோம். ஜூடித் கெர் பெர்லினில் 1923இல் பிறந்தவர். அப்பா அல்ஃபிரட் கெர் யூத நாடக விமர்சகர், நாசிகளைத் திட்டி எழுதியவர். 1933இல் குடும்பம் தப்பி ஓடியது. அவருடைய புத்தகங்களை எரித்தார்கள், குடியுரிமையைப் பறித்தார்கள். சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் என்று அலைந்து 1936இல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் புலி நாசிப் பொலிஸ்தான் என்று மைக்கல் ரோசன் ஊகித்தார். கெர் மறுத்தார், அது வெறும் புலிதான், மகளுக்குச் சொன்ன கதை என்றார். நான் கெரை நம்புகிறேன். ஆனால் ஒரே நாளில் வீட்டில் இருந்ததெல்லாம் போய்விடலாம் என்று அறிந்த ஒருத்தி எழுதின கதை அது என்பதை மறக்க முடியவில்லை.

அந்த மேசைக்கு அந்த நேரம் கூடுதலாகத் தேயிலை அனுப்பிய நாடுகளில் ஒன்று நாங்கள். 1965இல் உலகத்தின் முதல் தேயிலை ஏற்றுமதி நாடாகவும் ஆகியிருந்தோம். கொழுந்து பறித்தவர்களிடமோ நாடு இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நாடு பறிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருத்தி வரைந்த கோப்பையில், நாடு பறிக்கப்பட்டவர்கள் பறித்த இலையும் இருந்திருக்கலாம். இரண்டு பக்கமும் அது தெரிந்திருக்காது.

இதற்காக அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், நல்ல புத்தகம். மலையகத்தில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு மொத்தமாகக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சோஃபிக்கு 1968இல் ஐந்து வயசு என்று வைத்தால், அப்போது அவளுக்கு நாற்பது.