பேய்க்கதையும் வரலாற்றுச் சான்றும்: பி.டி.சாமியை முன்வைத்து

சங்கரன்கோவில் கோமதியம்மன் சன்னிதியின் முன் ஒரு சக்கரம் உண்டு. பேய் பிடித்ததாகக் கருதப்படுவோரை அதில் அமரச் செய்து வழிபடுவது வழக்கம். இத்தகைய நம்பிக்கைகள் உயிர்ப்புடன் இருந்த சூழலில் ‘பேய்க்கதை மன்னன்’ எனப் பெயர்பெற்றவர் பி.டி.சாமி. அவருடைய மலிவுவிலை நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் விற்றன. வாடகை நூல்நிலையங்களில் கைமாறின.

பேயச்சத்தைப் பொருளாகக் கொண்ட புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943இல் அதே பெயருடைய தொகுப்பில் இடம்பெற்றது. அவர் கதைகளுக்குக் காலவரிசைப்படுத்திய செம்பதிப்பும் உண்டு. சாமிக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட, தமிழ் வெகுசன எழுத்தாளர் பதின்மரின் ஆங்கிலத் தொகுப்பிலும் அவர் இல்லை. தரமின்மையே காரணம் என்பது எளிதான விடை. ஆனால் ஆவணக் காப்பையும் கருத வேண்டும். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குச் சேர வேண்டும். தவறினால் அச்சட்டம் விதித்த அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மிகாது. அத்துடன் நூலின் விலை. மலிவுப் பதிப்பாளரை அது எவ்வளவு கட்டுப்படுத்தியிருக்கும்?

பதிப்பாண்டு அச்சிடப்படாத நாவல்களுக்குக் காலம் கணிக்க, எஞ்சிய படிகளில் வாடகை நூல்நிலையங்கள் இட்ட முத்திரையும் தேதியும் இருப்பின், அவையே முதற்சான்று.