பரவல் முகாம் (பிரிட்ஜர்-டீட்டன் தேசிய வனம்)

பரவல் முகாம் என்பது அமெரிக்கத் தேசிய வனங்களில், முகாம் மைதானங்களுக்கு வெளியே, கட்டணமோ முன்பதிவோ இல்லாமல் கூடாரம் அடித்தோ வண்டியிலேயே படுத்தோ தங்கும் முறை. அங்கே இதை 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்கிறார்கள். குழாய்த் தண்ணீர், கழிப்பறை, மேசை, குப்பைத் தொட்டி எதுவும் இருக்காது. வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவை ஒட்டிக் கிடக்கும் பிரிட்ஜர்-டீட்டன் தேசிய வனம் இதற்குப் பேர்போனது. சுமார் 34 லட்சம் ஏக்கர் பரப்புள்ள இந்த வனம், பக்கத்துப் பூங்காவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் பெரியது.

பூங்காவும் வனமும்

வெளியூரிலிருந்து வருபவருக்கு இரண்டும் ஒரே காடாகத்தான் தெரியும். ஆனால் தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்வது 1916இல் அமைந்த பூங்காச் சேவை. தேசிய வனங்களைப் பார்த்துக்கொள்வது வேளாண் துறையின் கீழ் 1905இல் அமைந்த வனச் சேவை. பூங்காவின் முதல் வேலை இயற்கையைக் கெடாமல் வைத்திருப்பது. வனத்திலோ மரம் வெட்டவும் மாடு மேய்க்கவும் வேட்டையாடவும் இடம் உண்டு. வந்து தங்குவதும் அந்தப் பயன்களில் ஒன்று. பூங்காவுக்குள் வண்டியோடு வருபவர் பணம் கட்டி மைதானத்தில்தான் தங்க வேண்டும். உள்காட்டில் இரவு கழிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சாலையோரம் காரை நிறுத்திவிட்டுத் தூங்கவும் கூடாது. கோடைக்கால இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடுவதால், இடம் கிடைக்காதவர்கள் எல்லை தாண்டி வனத்துக்கு வருகிறார்கள்.

அந்த எல்லை அமைந்த விதமே தனிக்கதை. 1929இல் பூங்கா பிறந்தபோது மலைத்தொடரும் அடிவாரத்து ஏரிகளும் மட்டுமே அதில் இருந்தன. கீழே உள்ள ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கையும் சேர்ப்பதைப் பண்ணைக்காரர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் அங்கே சுமார் 35,000 ஏக்கரைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கி அரசுக்குக் கொடுத்தார். 1950இல் பூங்கா ஏறக்குறைய இன்றைய அளவை எட்டியது. பள்ளத்தாக்கின் கிழக்குக் கரையில் நிற்கும் குன்றுகள் மட்டும் வனத்தின் கையிலேயே தங்கிவிட்டன. டீட்டன் சிகரங்களை ஒரே வரிசையாகப் பார்க்க அந்தக் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். ஆகவே பூங்காவின் மிக அழகான காட்சிகளில் ஒன்று பூங்காவுக்கு வெளியே, காசில்லாமல் கிடைக்கிறது.

ஷேடோ மவுன்டன்

இந்தக் கிழக்குக் குன்றுகளில் பலரும் தேடி வருவது ஷேடோ மவுன்டன். பூங்காவின் தட்டை வெளியைக் கடந்ததும் மண்சாலை மேலே ஏறத் தொடங்குகிறது. மழை பெய்தால் சக்கரத் தடங்கள் ஆழ்ந்த வாய்க்கால்களாகிவிடும். இழுவை வண்டியோடு மேலே போவது வம்பு. விடியற்காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் பள்ளத்தாக்கு முழுக்க இன்னும் இருட்டாக இருக்கும். எதிரே 4,199 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் டீட்டனின் நுனியில் மட்டும் செம்மஞ்சள் வெளிச்சம் ஒட்டும். அது மெல்ல மெல்லப் பாறையில் இறங்கி, பனிப்படலங்களைத் தொட்டு, கடைசியில் சமவெளியின் சாம்பல் நிறப் புதர்களுக்கு வந்து சேரும். இடையில் குறுங்குன்றுகள் இல்லாமல் மலை தரையிலிருந்து நேராக 2,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்பதால் ஒளி இறங்குவது ஒரு தடையும் இல்லாமல் தெரிகிறது. ஆகஸ்டு மாதத்திலும் இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும் என்பதை அறியாமல் மெல்லிய போர்வையோடு வருபவர்கள் அந்தக் காட்சிக்கு நடுக்கத்தோடுதான் காத்திருக்க வேண்டும்.

'பரவல்' என்ற சொல் இங்கே இப்போது முழுப் பொருளோடு இல்லை. முன்பு வண்டி போன இடமெல்லாம் முகாம் ஆனது. புல்வெளி மண்ணாகி, ஒரு கல் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. அதனால் ஜாக்சன் ஊருக்கு அருகில் உள்ள இடங்களில் எண்ணிட்ட கம்பம் நட்டு, அங்கே மட்டும் தங்க விடுகிறார்கள். முந்தி வந்தவருக்கு இடம். பிற தேசிய வனங்களில் பெரும்பாலும் 14 நாள் தங்கலாம். இங்கே கோடையில் 5 நாள்தான். இந்தக் கெடுபிடிக்கு ஊரின் வீட்டு வாடகையும் ஒரு காரணம். ஜாக்சன் அமைந்த டீட்டன் கவுன்டி அமெரிக்காவிலேயே பெரும் பணக்கார மாவட்டங்களில் ஒன்று. அங்குள்ள உணவகங்களிலும் விடுதிகளிலும் பருவ வேலைக்கு வரும் இளைஞர்கள் பலருக்கு வாடகை எட்டாததால், வேனிலோ கூடாரத்திலோ தூங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சுற்றுலா வந்தவரையும் குடியிருக்க இடமில்லாதவரையும் ஒரே விதி விரட்டுகிறது. இதில் வனச் சேவையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஊரில் தீர வேண்டிய சிக்கல் காட்டில் வந்து நிற்கிறது.

கரடியும் உணவும்

இது கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் நடமாடும் நாடு. சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் தவிர, மற்ற நேரத்தில் உணவைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது வன ஆணை, மீறினால் அபராதம். கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ, கரடி திறக்க முடியாத பெட்டியிலோ வைக்கலாம். இரண்டும் இல்லையென்றால் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்திலிருந்து 4 அடி தள்ளிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். உணவு என்றால் சோறும் ரொட்டியும் மட்டுமல்ல. பற்பசை, சோப்பு, நாய்த்தீனி, காலி டப்பா, மீன் பொரித்த சட்டி என மணம் வீசும் எல்லாமே சேர்த்தி. மனிதர்களின் தீனியை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வரும். அப்படிப் பழகிய கரடியைப் பல வேளைகளில் கொன்றுவிடுகிறார்கள். மூடாத ஒரு பனிப்பெட்டிக்கு அந்த விலங்கு உயிரைக் கொடுப்பது பெரும் அநியாயம்.

நெருப்பும் கழிவும்

நெருப்பு மூட்ட ஏற்கெனவே உள்ள கல் வளையத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். கீழே விழுந்து காய்ந்த விறகை மட்டும் பொறுக்கலாம். அணைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மண்ணைப் போட்டு மூடினால் கங்கு அடியில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய், பிறகு தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால்தான் அணைந்தது. வறட்சியில் தடை வந்தால் முதலில் தடுக்கப்படுவது பரவல் முகாம்களின் நெருப்புதான். திருகி அணைக்கும் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு.

கழிவுக்கு ஓடையிலிருந்தும் முகாமிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுவது நல்லது. கட்டணம் வசூலிக்காத இடத்துக்குத் துப்புரவு ஆள் கிடையாது. கோடையில் தொண்டர்கள் சிலர் முகாம்களில் தங்கி, புதிதாக வருபவர்களுக்கு இந்த விதிகளைச் சொல்லித்தருகிறார்கள். புகையும் கல் வளையங்களைத் தேடிப்போய் அணைக்கிறார்கள்.

பருவம்

பனி உருகும் மே இறுதி அல்லது ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை தங்கலாம். குளிர்காலத்தில் மேட்டுநிலத்தில் பனி ஆழமாகிவிடும்போது எல்க் மான்களும் கோவேறு மான்களும் இரை தேடித் தாழ்ந்த சரிவுகளுக்கு இறங்கிவிடும். மெலிந்த உடம்போடு பனியில் ஒருமுறை வெருண்டு ஓடினாலே அவற்றின் சேமிப்புக் கொழுப்பு கரைந்துபோகும். அதனால் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை இச்சரிவுகளில் பலவற்றில் மனிதர் கால் வைக்கத் தடை.