உணர்விழந்த விரலும் கல்லான நெஞ்சும்

வல்வில் ஓரி ஆண்ட மலையென்று புலவர் போற்றும் கொல்லிமலையில், 1913-ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயச் சமய ஊழியரும் அவர்தம் துணைவியார் எவெலின் அம்மையாரும் குடிபுகுந்தனர். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் ஏறத் தயங்கிய காலம் அது. அவ்விருவரும் மலைமக்களுக்கு மருந்தளித்தனர், பள்ளியும் நடத்தினர். 1929-இல் ஜெஸ்ஸி அக்காய்ச்சலுக்கே இரையானார்.

அவர்தம் மகன் பால் பிராண்டு 1914-இல் பிறந்தவர். ஒன்பது வயது வரை அம்மலையில் வளர்ந்தவர். இளமையில் கண்ட புண்ணும் சீழும் அருவருப்பூட்டவே, மருத்துவத்தை வெறுத்துக் கட்டடத் தொழில் கற்றார். பின்னர் மனம் மாறி மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்கே தொழுநோயாளருக்குத் தொண்டாற்றலானார்.

தொழுநோயைப் பற்றி நெடுநாள் நிலவிய கருத்து ஒன்று உண்டு. இறைவன் ஆணையை மீறி ஆலயத்தில் தூபங்காட்டத் துணிந்த உசியா மன்னனின் நெற்றியில் அந்நோய் தோன்றியது என்று விவிலியம் கூறுகிறது. இதனைக் கேட்டோர் பலர், நோயாளிகள் அனைவரும் இறைவனை எதிர்த்தவர்களே என முடிவுகட்டினர். நம் நாட்டிலோ அது முன்வினைப் பயன் எனப்பட்டது. இவ்வாறு, நோயுற்றோர் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டனர். ஆனால், பிறவிக் குருடன் ஒருவனைக் குறித்து, 'இவன் பாவமா, பெற்றோர் பாவமா?' என்னும் கருத்துப்படச் சீடர் வினவியபோது, இரண்டும் அல்ல என்றே இயேசு பெருமான் விடையளித்தார். அவ்விடையைப் பலர் மறந்தனர்.

பால் பிராண்டு ஆராய்ந்து கண்டது யாது? நோயாளியின் விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வை அழிக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் கை சுடுவதில்லை. உறக்கத்தில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. காயத்தின்மேல் காயம் பட்டு, அதில் கிருமி புகுந்தே விரல் குறைகிறது. ஆகவே, வலி பகையன்று, காவற்காரன்.

மாணவர்களே! இறைவன் சித்தத்தை எதிர்ப்போர்க்கு நேரும் கேட்டையும் இவ்வுண்மை விளக்குகிறது. எகிப்து மன்னன் பார்வோன், அடிமைகளை விடுவிக்குமாறு மோசே கேட்டபோது மறுத்தான். வாதை வந்ததும் இணங்கினான். அது நீங்கியதும் மீண்டும் மறுத்தான். அவன் நெஞ்சம் மேன்மேலும் கல்லாயிற்று. பத்தாம் வாதையில் தன் தலைமகனையே பறிகொடுத்தான். அதன் பின்னும் திருந்தாது சேனையைக் கடலில் இழந்தான். தண்டனை விண்ணிலிருந்து விழுந்தது ஒருபுறமிருக்க, உணர்விழந்த நெஞ்சே அவனுக்குப் பெருந்தண்டனையாயிற்று.

முதற்பொய் சொல்லும்போது நெஞ்சு சுடுகிறது; பத்தாம் பொய்யில் சுடுவதில்லை. சுடாத நிலையை நலம் என்று எண்ணிவிடாதீர்கள். நோயாளியை வெறுக்காதீர்கள், நும் நெஞ்சின் வலியைப் போற்றுங்கள்.