போக்கரில் குறைந்த இருப்பு, முழு இருப்பு உத்திகள்

குறைந்த இருப்பு உத்தி, முழு இருப்பு உத்தி என்பவை இணையவழிப் போக்கர் சீட்டாட்டத்தில், ஒருவர் மேசைக்குக் கொண்டுவரும் தொகையைப் பொறுத்து அமையும் இரு ஆட்டமுறைகள் ஆகும். இவை பணமேசை ஆட்டங்களுக்கு உரியவை. இவ்வகை ஆட்டத்தில் சில்லுகள் பணத்துக்கு நேர் ஈடானவை. போட்டித்தொடர்களைப் போலன்றி, ஆட்டக்காரர் எந்தக் கை முடிந்த பின்னும் எழுந்து செல்லலாம்.

அளவீடு

சீட்டு வழங்கும் முன் கட்டாயமாக வைக்கப்படும் இரு பணயங்களுள் பெரியது பிக் பிளைண்ட் எனப்படும். இருப்பு இந்த அலகிலேயே அளக்கப்படுகிறது. பொதுவாக 100 அலகுகள் முழு இருப்பாகவும், 20 முதல் 40 அலகுகள் வரை குறைந்த இருப்பாகவும் கொள்ளப்படும். பிக் பிளைண்ட் 10 ரூபாய் எனில் முழு இருப்பு 1000 ரூபாய் ஆகும். மேசையில் உள்ளதற்கு மேல் எவரும் இழக்க இயலாது. ஆகவே இருவர் மோதும்போது, அவர்களுள் குறைந்தவரின் இருப்பே இருவருக்கும் எல்லையாகிறது.

ஆட்டமுறை வேறுபாடு

டெக்சாசு ஹோல்டெம் வகையில் சிறிய இணைச்சீட்டு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் அதே எண் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு. அதாவது ஒரு முறை வந்தால் ஏழரை முறை வராது. எதிராளியின் 3 அலகு பணயத்துக்கு ஈடுகொடுக்கும்போது, இருப்பு 20 அலகுகளாயின் வெல்லக்கூடிய பெருமத் தொகை, இரு கட்டாயப் பணயங்களையும் சேர்த்து, 21.5 அலகுகளே. இது இட்ட தொகையின் ஏழரை மடங்கை எட்டாது. இருப்பு 100 அலகுகளாயின் அது 101.5 அலகுகளாக, அதாவது 33 மடங்குக்கு மேலாக, உயர்கிறது.

எனவே குறைந்த இருப்பாளர் உயர்ந்த சீட்டுகளை மட்டும் தேர்ந்து, தொடக்கத்திலேயே முழுத்தொகையையும் வைத்துவிடுகிறார். அதன்பின் அவர் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை, தவறுக்கும் இடமில்லை. இக்காரணத்தால் எட் மில்லர் 2005இல் வெளியிட்ட தொடக்கநிலை நூலில் புதியவர்களுக்கு இம்முறையைப் பரிந்துரைத்தார். முழு இருப்பாளர் இறுதிச் சீட்டு வரை முடிவெடுக்க வேண்டியுள்ளது. எதிராளியைவிடத் தேர்ந்தவருக்கு இது ஆதாயம். தேராதவருக்கு அதே அளவு இழப்பு.

இரு முறைகளிலும் தளம் பிடித்துக்கொள்ளும் கழிவு பொதுவானது. ஆட்டக்காரர்கள் அனைவரின் மொத்த இருப்பும் கழிவு பிடிக்கப்படும் ஒவ்வொரு கையிலும் இதனால் குறைகிறது. சமதிறன் உடையோர் ஆடினாலும் நீண்டகாலத்தில் அனைவரும் இழப்பர். எந்த இருப்பு உத்தியும் இதனை மாற்றாது.

தமிழ்நாட்டில் சட்டநிலை

போக்கர் திறன் ஆட்டமா, வாய்ப்பு ஆட்டமா என்பது தமிழ்நாட்டில் நெடிய வழக்குகளுக்கு உள்ளானது. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடைசெய்த 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 3 அன்று நீக்கியது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையை, 2023 நவம்பர் 9 அன்று அதே நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டத்தின் ஏனைய பகுதிகள் நிலைத்தன.

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசின் இணையவழி விளையாட்டுச் சட்டம், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. மேற்கண்ட கணக்குகள் நிகழ்தகவுக் கோட்பாட்டின் எடுத்துக்காட்டுகளாகப் பயில்வதற்கு உரியவை.